துண்டுக்குள் வலது கை

மாட்டுத் தரகனுக்கு வாய்தான் முதல் என்று ஊரில் நினைக்கிறார்கள். சுத்தத் தப்பு. "பல்லைப் பாரும், மடியைப் பாரும், நடையைப் பாரும்" என்று நான் சந்தையில் தொண்டை கிழியக் கத்துவதெல்லாம் வேடிக்கை பார்க்க வந்த கூட்டத்துக்கு. விலை பேசுவது கை. விற்கிறவருக்காக நான், வாங்குகிறவர் பக்கம் இன்னொருவர்; இரண்டு பேரும் வலது கையை நீட்டிக் கோத்துக்கொண்டு மேலே ஒரு துண்டைப் போட்டு மூடிக்கொள்வோம். அவர் என் ஆள்காட்டி விரலை மட்டும் பிடித்தால் ஒன்று. நடுவிரலையும் சேர்த்துப் பிடித்தால் இரண்டு. கை முழுவதையும் பிடித்தால் ஐந்து. ஒன்று என்றால் ஆயிரமா, பத்தாயிரமா என்று கேட்கக் கூடாது, மாட்டைப் பார்த்தால் தெரிய வேண்டும். எனக்குக் கட்டாது என்றால் கையை உதறுவேன். கட்டும் என்றால் அமுக்குவேன். பக்கத்தில் நிற்கிற மாட்டுக்காரருக்கே உள்ளே என்ன ஓடுகிறது என்று தெரியாது. அவர் என் காதில் ஒரு விலை சொல்லியிருப்பார், அதற்குக் கீழே போகக் கூடாது. மேலே எவ்வளவு ஏற்றுகிறேன் என்பது என் சாமர்த்தியம். துண்டை எடுத்த பிறகு பேச்சு மாறக் கூடாது. இதை யாரும் எழுதி வைக்கவில்லை. எழுதி வைத்த சட்டத்தைவிட இதற்குத்தான் சந்தையில் பயம் அதிகம்.

மீசை அரும்பிய நாளிலிருந்து எனக்கு இதுதான் பிழைப்பு. வீடு சங்கரன்கோவிலில். சந்தை இல்லாத நாட்களில் பைக்கை எடுத்துக்கொண்டு மேலநீலிதநல்லூர், இளையரசனேந்தல் பக்கமெல்லாம் சுற்றி, யார் வீட்டுத் தொழுவத்தில் எந்த மாடு விலைக்கு வரும் என்று பார்த்துவிட்டு வருவேன். கிடாவும் பேசுவேன். கை நன்றாக இருந்தவரை கையைப் பற்றி நினைத்ததே இல்லை. கண்ணும் காதும் நன்றாக இருக்கிறவன் அவற்றைப் பற்றி நினைப்பானா?

ஒரு பங்குனி மாதம் வாசுதேவநல்லூரில் ஒரு பசுவைக் குட்டியானை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தோம். பசு பாதி ஏறிவிட்டது. அந்த நேரம் பார்த்து ராஜபாளையம் ரோட்டில் போன ஒரு பஸ்காரர் ஹாரனை அமுக்கினார். பசு மிரண்டு பின்னால் பாய்ந்தது. கயிற்றை நான் கையில் சுற்றியிருந்தேன். மாட்டுக் கயிற்றைக் கையில் சுற்றாதே என்று ஊரெல்லாம் புத்தி சொல்கிறவன் நான்தான்! கயிறு என்னை இழுத்துக்கொண்டு போய் வண்டியின் பின்கதவில் கிழிந்து நின்ற தகரத்தில் அடித்தது. மணிக்கட்டின் உள்பக்கம், வாட்சு வார் வருகிற இடத்தில் ஆழமாக அறுத்துவிட்டது. தோளில் கிடந்த துண்டைச் சுற்றிக்கொண்டு அப்படியே திருநெல்வேலிக்குப் போனேன்.

ஆஸ்பத்திரியில் அறுத்துத் தைத்த டாக்டரம்மாவுக்கு என் மகள் வயதுதான் இருக்கும். கட்டைப் பிரித்த அன்று என் கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரல் மூன்றையும் பஞ்சால் தடவினார். கண்ணை மூடிக்கொண்டிருந்த எனக்கு அவர் தடவியதே தெரியவில்லை. "ஆரம்பிங்கம்மா" என்றேன். "முடிச்சாச்சு" என்றார்.

"நரம்பைத் தைச்சாச்சு, சரி. ஆனா இது கரண்ட் வயர் இல்ல, சேத்தவுடனே லைட் எரியறதுக்கு" என்று அவர் பொறுமையாக விளக்கினார். "தையலுக்கு அந்தப் பக்கம் உள்ள இழை எல்லாம் செத்துரும். இந்தப் பக்கத்துல இருந்து புதுசா வளந்து விரல் நுனி வரைக்கும் போகணும். மாசத்துக்கு ஒரு அங்குலம் போனா பெரிசு."

"முருங்கைக் கம்பு இதைவிட வேகமா வளருமே" என்றேன்.

"முருங்கையைத்தான் கையில நட முடியாதே" என்றார். எனக்கு அந்தப் பெண்ணைப் பிடித்துப்போயிற்று. பழையபடி வருமா என்று கேட்டேன். வரும் என்றார், முழுசாக வரும் என்று வாக்குக் கொடுக்க மாட்டேன் என்றும் சொன்னார். மாடு விற்கிறவன் யாரும் இப்படிப் பேச மாட்டான். அதனால் அவர் சொன்ன முதல் பாதியை நம்பினேன்.

மரத்துப்போவது என்றால் சம்மணம் போட்டு உட்கார்ந்து கால் மரப்பது மாதிரி என்று நினைக்காதீர்கள். அதிலாவது ஒரு குறுகுறுப்பு உண்டு. இது அப்படி இல்லை. என் ஆள்காட்டி விரலால் என் கன்னத்தைத் தொட்டால் யாரோ தொடுகிறார்கள் என்று கன்னத்துக்குத் தெரிந்தது. விரலுக்கு எதுவும் தெரியவில்லை. அந்நியன் ஒருவன் வந்து என் முகத்தைத் தடவுவது போல அருவருப்பாக இருந்தது. அந்த மூன்று விரல்களிலும் வேர்வைகூட இல்லை. சங்கரன்கோவில் சித்திரை வெயிலில் உடம்பெல்லாம் ஊற்றும், விரல் மட்டும் காய்ந்து கிடக்கும். டீக்கடையில் கண்ணாடிக் கிளாசைப் பிடித்துக்கொண்டு அரசியல் பேசிக்கொண்டிருந்தேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் விரல் கொப்பளித்துக் கிடக்கிறது. சட்டைப் பித்தானை என் மனைவி போட்டுவிட்டாள். அவள் பித்தான் போடும்போது நான் மோட்டு வளையைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். கோபம் கோபமாக வரும். யார் மேல் என்று தெரியாத கோபம், அதனால் எல்லார் மேலும் பாய்ந்தேன்.

சுண்டுவிரலும் மோதிர விரலில் பாதியும் வேறு நரம்பாம். அது அறுபடவில்லை. அதனால் என் வலது கை இரண்டு குடித்தனமாகப் பிரிந்து கிடந்தது. தொழுவத்தில் கன்றுக்குட்டி கையை நக்கினால் எனக்குப் பாதி நாக்குதான் தெரியும். சொரசொரவென்று பாதி உள்ளங்கை வரை வரும், அப்புறம் காணாமல் போகும்.

எங்கள் ஊரில் தோலில் என்ன வந்தாலும் முதல் மருந்து கோயில் புற்றுமண். என் மனைவி அதை ஒரு டப்பாவில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கே வந்துவிட்டாள். டாக்டரம்மா பார்த்துவிட்டு, "காயம் மூடற வரைக்கும் மண் ஆகாதும்மா" என்றார்.

"மூடின பெறகு?"

"மூடின பெறகு உங்க இஷ்டம். ஆனா தழும்பை நல்லா அமுக்கித் தேய்ச்சு விடுங்க, ஒட்டிக்காம இருக்கும்."

அப்புறம் என்ன, தினமும் சாயங்காலம் மண்ணைக் குழைத்து அவள் தேய்த்த தேய்ப்பில் தழும்பு மெழுகிய தரை மாதிரி ஆயிற்று. மண் வேலை செய்ததா, தேய்ப்பு வேலை செய்ததா என்று நாங்கள் சண்டை போடவில்லை. வேறு சண்டை போட எத்தனையோ இருந்தது.

டாக்டரம்மா மாதா மாதம் தழும்பிலிருந்து விரல் பக்கமாக ஒரு விரலால் தட்டிக்கொண்டே போவார். ஓர் இடத்தில் தட்டும்போது சுரீர் என்று விரலுக்குள் கரண்ட் ஓடும். "இழை இது வரைக்கும் வந்துட்டுதுன்னு அர்த்தம்" என்பார். வீட்டுக்கு வந்தும் நானே தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். பஸ் எதுவரை வந்திருக்கிறது என்று போன் போட்டுக் கேட்கிற ஆள் மாதிரி, சாப்பிடும்போது தட்டுவேன், பேசும்போது தட்டுவேன். ஆடித் தபசுத் திருவிழாவுக்கு ஊரில் கூட்டம் சேர்ந்த சமயம் சுரீர் உள்ளங்கையின் நடுவுக்கு வந்திருந்தது. அத்தனை கூட்டத்தில் நான் கோபுரத்தைப் பார்த்துக் கும்பிட்டேனோ இல்லையோ, உள்ளங்கையைத் தட்டிக்கொண்டு நின்றேன்.

கார்த்திகை மழை பெய்துகொண்டிருந்த ஒரு காலை. கன்றுக்குட்டிக்குத் தவிட்டுத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தேன். குடித்து முடித்த கன்று மூக்கைக் கொண்டுவந்து என் கையில் வைத்தது. நடுவிரல் நுனியில் சில்லென்று இருந்தது. நான் அசையவில்லை. கன்றும் அசையவில்லை. மறுபடி மூச்சு விட்டது, மறுபடி சில்லென்றது. அழுதேன். சொல்வதில் என்ன வெட்கம்? தொழுவத்தில் நின்று, கன்றின் தாடையைப் பிடித்துக்கொண்டு, மழைச் சத்தத்தில் யாருக்கும் கேட்காது என்ற தைரியத்தில் ஓவென்று அழுதேன்.

அதோடு நின்றிருந்தால் நன்றாக இருந்திருக்கும். எனக்கும் பொறுமைக்கும்தான் தூரமாயிற்றே. அடுத்த ஒரு மாதத்தில் மூன்று விரலிலும் ஏதோ ஒன்று தெரிய ஆரம்பித்தது. தொட்டால் தெரிகிறது, கை வந்துவிட்டது, தீர்ந்தது கதை என்று முடிவுகட்டிவிட்டேன். பொங்கலுக்கு முந்தின சந்தைக்கு, யாரிடமும் கேட்காமல், புதுத் துண்டு ஒன்றைத் தோளில் போட்டுக்கொண்டு போய் நின்றேன்.

இளையரசனேந்தல் பக்கத்தில் பயிர் செய்கிற சம்சாரி ஒருவர் கறவை மாடு ஒன்றைக் கொண்டு வந்திருந்தார். தீவனம் வாங்கிக் கட்டுப்படியாகாமல் விற்கிறார். காதில் விலை சொன்னார். வாங்க வந்தவர் கடையநல்லூர் பாய். நானும் அவரும் துண்டுக்குள் கை பிடிக்காத சந்தை குறைவு. கை கோத்தோம், துண்டு விழுந்தது. பாய் ஒரு பிடி பிடித்தார். எனக்கு இரண்டு விரல் தெரிந்தது. அடேயப்பா, கேட்டதற்கு மேலேயே வருகிறாரே என்று சந்தோஷத்தில் ஓங்கி ஓர் அமுக்கு. பேரம் முடிந்தது. துண்டை எடுத்து விலையைச் சொன்னார் பாய். அவர் பிடித்தது ஒரே விரல்.

சம்சாரியின் முகம் போன போக்கை எப்படிச் சொல்ல? அவர் சத்தம் போடவில்லை. "என்ன அண்ணாச்சி, நான் சொன்னதுக்குக் கீழ போயிட்டீயளே" என்று மட்டும் கேட்டார்.

பாய்க்குப் புரிந்துவிட்டது. என்னைத் தள்ளிக் கூட்டிக்கொண்டு போய், "வே, உமக்கு உள்ள வேற மாதிரி தெரிஞ்சுதா? தெரிஞ்சா சொல்லும், இன்னொரு தடவ போடுவோம். நமக்குள்ள என்னவே" என்றார்.

"துண்டை எடுத்தாச்சு, பேச்சு பேச்சுதான்" என்றேன். வீராப்பு. குறைந்ததை என் கையிலிருந்து கொடுத்துச் சம்சாரியை அனுப்பினேன். பணம் போனதை விடுங்கள். பொழுது சாய்வதற்குள் சந்தை முழுக்கத் தெரிந்துவிட்டது. பல் பார்க்கக் கூப்பிட்டார்கள், மடி பார்க்கக் கூப்பிட்டார்கள், நடத்திக் காட்டக் கூப்பிட்டார்கள். பேரத்துக்கு மட்டும் ஒருவரும் கூப்பிடவில்லை. அடுத்த வாரமும் கூப்பிடவில்லை. வேறு வழியில்லாமல் ஒருவரிடம் இடது கையை நீட்டிப் பார்த்தேன். "நல்ல கைய நீட்டும்வே, யாவாரம்லா பேசுதோம்" என்று அவர் கையை இழுத்துக்கொண்டார். அவர் மேல் தப்பில்லை. இடது கையால் நான்கூட யாரிடமும் வாங்கியதில்லை.

கைக்குப் பயிற்சி கொடுக்கும் பையன் ஒருவரிடம் டாக்டரம்மா அனுப்பி வைத்தார். தென்காசிப் பக்கம் ஊர். சிரிக்காமல் பேசுகிற ஆள். என்னைக் கண்ணை மூடச் சொல்லிப் பென்சிலின் ரப்பர் முனையால் தொட்டார்.

"எந்த விரலு?"

"நடுவிரல்."

"கண்ணைத் தொறங்க." ரப்பர் முனை ஆள்காட்டி விரலில் இருந்தது.

இன்னொரு தடவை தொட்டார். இரண்டு விரல் என்றேன், ஒன்றைத்தான் தொட்டிருந்தார். எனக்கு முகம் வேர்த்துவிட்டது.

"தச்ச எடத்துல இழையெல்லாம் வழி மாறிப் போயிருக்கும் அண்ணாச்சி. ஆள்காட்டிக்குப் போக வேண்டியது நடுவிரலுக்குப் போயிருக்கும். மூளைக்கு அது தெரியாதுல்லா? அது பழைய நெனப்புலேயே படிக்கும். இனிமே மூளைக்குப் புதுசாச் சொல்லிக் குடுக்கணும்."

சொல்லிக்கொடுக்கும் முறை ரொம்ப எளிது. முதலில் கண்ணைத் திறந்து பார்த்துக்கொண்டே தொட வேண்டும். பிறகு கண்ணை மூடிக்கொண்டு எந்த விரல் என்று சொல்ல வேண்டும். தப்பென்றால் திறந்து பார்த்துத் திருத்திக்கொள்ள வேண்டும். கொஞ்சம் நேரம், ஆனால் தினமும். அதோடு ஒரு பாத்திரம் அரிசிக்குள் பித்தான், சாவி, நிலக்கடலை எல்லாம் போட்டுக் கண்ணை மூடிக்கொண்டு துழாவி எடுக்க வேண்டும். எல்லாம் சொல்லிவிட்டுக் கடைசியில், "ஏன் அண்ணாச்சி, வெலைய போன்ல அடிச்சுக் காட்டுனா ஆகாதா?" என்று கேட்டார்.

ஆகாது என்று நான் சொன்ன சத்தத்தில் பக்கத்து அறையில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். போனில் எண்தான் தெரியும். அந்த ஆள் ஏறுவானா, இதோடு சரியா, வீட்டில் பெண்டாட்டி இந்த மாட்டைத்தான் வாங்கி வரச் சொல்லியிருக்கிறாளா என்பதெல்லாம் விரலில்தான் தெரியும். பிடியில் ஒரு தயக்கம் இருக்கும், ஓர் அவசரம் இருக்கும். அதைப் படிக்கத் தெரியாதவன் தரகன் இல்லை, மாடு ஓட்டுகிறவன்.

வீட்டில் தினமும் அரிசியைத் துழாவினேன். சாவி என்று நினைத்துக் கடலையை எடுப்பேன். கோபத்தில் ஒருநாள் பாத்திரத்தைத் தள்ளிவிட்டேன், அரிசி அடுக்களை முழுக்கச் சிதறியது. என் மனைவி பெருக்கி அள்ளினாள். அவள் பீடி சுற்றுகிறவள். பொழுது விடிந்தால் மடியில் தட்டோடு உட்கார்ந்துவிடுவாள். பெருக்கி முடித்ததும் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு என் துண்டை எடுத்துக்கொண்டு எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"உங்களுக்கு என்ன அரிசி யாவாரமா? கைய நீட்டுங்க."

"எதுக்கு?"

"சந்தையில பிடிக்கது எப்படின்னு சொல்லுங்க. நான் பிடிக்கேன்."

தொழில் ரகசியத்தை வீட்டுக்குக் கொண்டு வராதவன் நான். அன்று சொல்லிக்கொடுத்தேன். அரை மணி நேரத்தில் அத்தனையும் பிடித்துக்கொண்டாள். அப்புறம் தினமும் சாயங்காலம் விளக்கு ஏற்றிய பிறகு எங்கள் வீட்டில் சந்தை கூடியது. அவள் பிடிப்பாள், நான் சொல்வேன், துண்டை விலக்கிப் பார்ப்போம். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் நான் அவள் கையை இவ்வளவு நேரம் பிடித்ததில்லை. சந்தையில் அந்நிய ஆம்பிளைகள் கையைப் பிடித்த நேரத்தில் பத்தில் ஒரு பங்குகூட இருக்காது. முதல் இரண்டு மூன்று நாள் எனக்குக் கூச்சமாக இருந்தது. வாசலில் ஆள் சத்தம் கேட்டால் கையை உருவிக்கொள்வேன்.

"என்னத்துக்கு உருவுதிய? தாலி கட்டின பொண்டாட்டிதான" என்பாள்.

அவளுக்குப் பேரம் ருசித்துவிட்டது. ஒருநாள், "திருப்பூருக்கு மக வீட்டுக்குப் போகணும், எத்தன நாளுன்னு உள்ள பேசுவோம்" என்று துண்டைப் போட்டாள். பிடித்தாள். எனக்கு இரண்டு விரல் தெரிந்தது. இரண்டு நாள்தானே என்று அமுக்கிவிட்டேன். துண்டை எடுத்தால் என் கை முழுவதும் அவள் பிடிக்குள் இருக்கிறது.

"இது கள்ளாட்டம். எடுக்கும்போது மாத்திப் பிடிச்சிட்ட."

"துண்ட எடுத்த பெறகு பேச்சு மாறக் கூடாதுன்னு சொன்னது யாரு?"

ஐந்து நாள் போய்விட்டுத்தான் வந்தாள். அந்த ஐந்து நாளும் நான் மேஜைக் காலைப் பிடித்துப் பயிற்சி செய்தேன். வீடு வெறிச்சென்று இருந்தது. அவள் கை இல்லாமல் எனக்குப் பொழுது போகவில்லை. வந்ததும் இதை அவளிடமே சொன்னேன். "அடேயப்பா" என்றாள். முகம் சிவந்துவிட்டது.

ஒரே சீராக முன்னேறியது என்று சொன்னால் பொய். ஒருநாள் பத்துக்குப் பத்தும் சரியாகச் சொல்வேன், மறுநாள் கட்டைவிரல் எது என்றே தெரியாது. மாசிப் பனியில் விரல் நுனிகள் தீயில் வைத்தது போல எரிந்தன. துண்டின் நூல் பட்டால் முள் குத்துவது போல இருந்தது. முதலில் ஒன்றுமே தெரியவில்லை என்று அழுதவன், இப்போது ரொம்பத் தெரிகிறது என்று அழுதேன். "புது நரம்பு அப்பிடித்தான் அண்ணாச்சி, எல்லாத்துக்கும் கூப்பாடு போடும்" என்றார் பயிற்சிக்காரப் பையன்.

பங்குனியில் ஒரு சாயங்காலம் அவள் பிடித்திருந்தபோது எனக்கு வேறொன்று தெரிந்தது. எத்தனை விரல் என்று சொல்லாமல் அவள் விரல் நுனியையே தடவிக்கொண்டிருந்தேன். காய்ப்பு. கட்டைவிரலிலும் ஆள்காட்டியிலும் செருப்புத் தோல் மாதிரி காய்த்திருந்தது, குறுக்கே வெடிப்பு.

"என்னட்டி இது, இப்படி இருக்கு?"

"இல மடக்குத வெரலு பெறகு எப்படி இருக்கும்? அந்த நுனியில எனக்கும்தான் ஒண்ணும் தெரியாது. நான் எந்த டாக்டர்ட்ட போனேன்?"

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். எனக்குச் சிரிக்க வரவில்லை. மறுநாளிலிருந்து எனக்கு மண் தேய்த்து முடித்ததும் அவள் கையை வாங்கி நான் தேங்காய் எண்ணெய் தேய்த்தேன். எண்ணெய்க் கையோடு பீடி சுற்ற முடியாது என்று சண்டை பிடித்தாள். சுற்றி முடித்த பிறகு தேய்த்தேன். எண்ணெயில் வழுக்கும் வெடிப்புகளைத் தேடிப் பிடிப்பதுதான் எனக்குக் கிடைத்த கடினமான பரீட்சை. அதில் தேறிய பிறகு சந்தை எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை என்று எழுத ஆசை. ஆனால் பயமாகத்தான் இருந்தது. இன்னொரு தடவை தப்பினால், அப்புறம் ஆயுசுக்கும் பல் பார்க்கிறவன்தான். அது எனக்கும் தெரியும், சந்தைக்கும் தெரியும்.

ஹஜ்ஜுப் பெருநாளுக்கு முந்தின சந்தை. குர்பானிக்குக் கிடா வாங்க எல்லா ஊரிலிருந்தும் ஆள் வந்திருந்தது. மண்ணும் புழுக்கையும் வேர்வையும் கலந்து மூக்கை அடைக்கும் கூட்டம். மேலநீலிதநல்லூரிலிருந்து ஓர் அம்மா ஒற்றைக் கிடாவைப் பிடித்துக்கொண்டு தனியாக நின்றிருந்தார். நல்ல கிடா, வீட்டுப் பிள்ளை மாதிரி வளர்த்தது கழுத்தைத் தடவும்போதே தெரிந்தது. மற்ற தரகர்களெல்லாம் மந்தை மந்தையாகக் கொண்டு வந்தவர்களிடம் நின்றார்கள். அந்த அம்மா என்னைப் பார்த்து, "அண்ணாச்சி, உங்க கைக்கு என்னமோன்னு சொன்னாவ, இப்ப சரியாயிட்டா?" என்று நேராகவே கேட்டார்.

"சரியாயிட்டுன்னுதான் நெனைக்கேன். தப்பாப் போச்சுன்னா கொறையிறது என் பொறுப்பு."

அவர் கிடாவை இழுத்துக்கொண்டு கிட்டே வந்தார். காதில் விலையைச் சொன்னார்.

கிடாவைப் பார்த்துவிட்டு வந்தவர் கடையநல்லூர் பாய். என்னைப் பார்த்ததும் நின்றார். பொங்கல் சந்தைக்குப் பிறகு அவரும் என்னிடம் துண்டு போட்டதில்லை. சுற்றி நின்றவர்கள் நெருங்கி வந்தார்கள். பாய் தன் தோளிலிருந்த துண்டை எடுத்து உதறி, கையை நீட்டினார். நான் என் கையைக் கொடுத்தேன். துண்டு விழுந்தது.

பாய் நல்ல மனுஷர். அதுதான் வினையாயிற்று. இவருக்குத் தெரியாமல் போய்விடக் கூடாது என்ற பரிவில், மூக்கணாங்கயிறு மாட்டுகிறவர் மாதிரி, இருக்கிற பலத்தையெல்லாம் திரட்டி ஒரு பிடி பிடித்தார்.

"ஐயோ, எம்மா!" என்று அலறிவிட்டேன்.

துண்டுப் பேரத்தில் யாரும் மூச்சுக்கூடச் சத்தமாக விட மாட்டார்கள். என் அலறலில் சந்தையே திரும்பியது. அந்த அம்மாவின் கிடா துள்ளிப் பின்னால் போனது. "என்ன பாய், கைய முறிச்சிட்டீரா?" என்று யாரோ ஓடி வந்தார். பாய் பதறிப் பிடியைத் தளர்த்தினார். என் முகத்தைப் பார்த்தார். ஒரு கணம்தான். அவர் முகம் அப்படியே மலர்ந்துபோயிற்று.

"வலிக்குதாவே?"

"உயிரு போகுதுவே!"

"அல்ஹம்துலில்லாஹ்! இவருக்கு வலிக்குதுவே!" என்று அவர் கூட்டத்தைப் பார்த்துக் கத்தினார். "ஏய், இங்கன பாருங்க, இவருக்கு வலிக்குது! கையில உசிரு இருக்கு!"

சந்தை சிரித்தது. நானும் சிரித்தேன். கண்ணில் தண்ணீர் வடிந்தது. பாதி வலி, பாதி சந்தோஷம். எது எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல எனக்குத் தெரியாது. யாரோ என் முதுகில் தட்டினார்கள். சிரிப்பு அடங்கியதும் பாய் குரலைத் தாழ்த்தி, "அது சரிவே, வலிச்சது எங்கன?" என்றார்.

வாயைத் திறந்து சொல்ல முடியாது. சொன்னால் அது விலை. துண்டு இன்னும் எங்கள் கை மேல்தான் கிடந்தது. உள்ளே அவர் கையைத் தேடினேன். ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் சேர்த்து, அவர் என்னைப் பிடித்த அதே இடத்தில், நிதானமாகப் பிடித்தேன். அவர் விரல்களின் சூடு தெரிந்தது, நகக்கண்ணில் ஒட்டியிருந்த மண் தெரிந்தது. பாய் என் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார். சரிதான் என்று மெதுவாகத் தலையை ஆட்டினார்.

அந்த அம்மா கிடாவின் கயிற்றை இறுகப் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். அவர் என் காதில் சொன்ன விலைக்கு இது இன்னும் எட்டவில்லை. நான் கையை உதறினேன்.

"இது பத்தாது பாய். ஏத்திப் பிடியும். மெதுவாப் பிடியும், ஆனா ஏத்திப் பிடியும்."